கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை

அப்பாவை யாருக்கும் பங்கு கொடுக்கக் கூடாது என்று நான் கம்ப்யூட்டரைப் பூட்டியது ஆறாம் வகுப்பில்.

சிவகாசியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அப்பா கம்ப்யூட்டர் வாத்தியார். வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. காலண்டர் அச்சடிக்கும் மாமா, பிரஸ்ஸுக்குப் புதிது வாங்கியபோது எங்களுக்குத் தள்ளிவிட்ட பழையது. அம்மா அதற்குப் பழைய சேலையில் உறை தைத்துப் போட்டிருந்தாள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. செருப்புக் காலோடு யாரும் அந்த அறைக்குள் நுழைந்துவிட முடியாது.

வாரம் முழுக்க அப்பா பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம், ஞாயிற்றுக்கிழமை எனக்கு. ஸ்கூட்டரில் வெம்பக்கோட்டை அணைக்குக் கூட்டிப்போவார். தண்ணீர் கிடந்தால் தண்ணீரைப் பார்ப்போம், இல்லாவிட்டால் உள்ளே மேயும் ஆடுகளைப் பார்ப்போம். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். இப்போது நினைத்தால் அந்த ஒன்றும் பேசாத பொழுதுக்காகத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

அந்தத் தை மாதம் அதில் மண் விழுந்தது. ப்ளஸ் டூ படிக்கும் மூன்று அக்காக்கள் ஞாயிறுதோறும் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். மூவர் வீட்டிலும் பெரியவர்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். பள்ளியில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஆறு பேர் என்பதால், விரல் வைப்பதற்குள் மணி அடித்துவிடுமாம். செய்முறைப் பரீட்சையோ நெருங்கிவிட்டது. “சார் இருக்கீகளா?” என்று வாசலில் குரல் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். அம்மா வேறு அவர்களுக்கும் சேர்த்து உலை வைப்பாள். அவர்கள் பஸ் ஏறும்போது இருட்டியிருக்கும், அணை அணையாகவே அங்கே கிடக்கும்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு பொத்தானை அழுத்தினால் நீலத் திரை வரும், அதில் ரகசியச் சொல் வைத்துவிட்டால் வேறு யாரும் திறக்க முடியாது என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே அப்பாதான். ஒரு சனிக்கிழமை அவர் முடிவெட்டப் போன சமயம் பார்த்து நானும் ஒரு சொல்லை வைத்துவிட்டேன்.

மறுநாள் திரையில் சின்னக் கட்டம் வந்து நின்றது. அப்பா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இட்லித் தட்டைவிட்டுத் தலையே தூக்கவில்லை.

“இன்னைக்கு மெஷினுக்கு உடம்பு சரியில்லத்தா. வாங்க, பேப்பர்ல பழகுவோம்” என்றார் அக்காக்களிடம்.

மாமா பிரஸ்ஸில் அச்சு விலகிக் கழித்துப்போட்ட லேபிள் தாள்கள் வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கும். அவற்றின் வெள்ளைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து மூன்று கீபோர்டு வரைந்துகொடுத்தார். மூன்று பேரும் தாளில் தட்டு தட்டென்று தட்டினார்கள். அன்றும் இருட்டித்தான் போனார்கள்.

அவர்கள் போனதும் அப்பா அந்த அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். கதவிடுக்கில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார், அப்புறம் அணைத்துவிட்டு எழுந்துவந்தார். அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் இதேதான். வாத்தியாரையே முழிக்க வைத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு அக்காக்கள் வாசலில் நிற்கும்போதே அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். “மாமா பிரஸ்ல சொல்லியிருக்கேன். லீவுதான், மெஷினு சும்மா கிடக்கு. அங்கன போயிருவோம்” என்று கிளம்பிவிட்டார்.

இது என் கணக்கில் இல்லாதது. அணையும் போய், அப்பாவும் போய், பூட்டிய கம்ப்யூட்டரும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் தாங்க முடியாமல், வைத்த சொல்லை எடுத்துவிட்டு வாசலில் காத்திருந்தேன். வெயில் சாயும்போது அப்பா மட்டும் ஸ்கூட்டரில் வந்து நின்றார்.

“மெஷினுக்குச் சரியாயிருச்சுப்பா.”

“அப்படியா? எப்படித்தா?”

“தானா.”

“நல்லதாப் போச்சு” என்று முகத்தைத் துளியும் மாற்றாமல் சொன்னவர், வண்டியை விட்டு இறங்கவே இல்லை. “ஏறு, அணைக்குப் போயிட்டு வந்துருவோம்.”

வெகுகாலம் கழித்துக் கல்லூரி விடுதியில் ஒருத்தி தன் கம்ப்யூட்டரில் அதே நீலத் திரையில் வைத்த பாஸ்வேர்டை மறந்துவிட்டுக் கையைப் பிசைந்தாள். இன்னொருத்தி வந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, காசளவு இருந்த ஒரு பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். அம்புட்டுதான், பூட்டு போய்விட்டது. எனக்குப் பகீரென்றது. உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

“பேட்டரியக் கழத்தியிருக்கலாம்லப்பா நீங்க?”

அப்பாவுக்கு எதுவென்று விளங்கச் சற்று நேரமானது. பிறகு சிரித்தார். “பேட்டரி எதுக்குத்தா? மொத நாளே தொறந்துட்டேன். அப்பான்னுதான வச்சிருந்த?”

“பொறகு ஏன் தெனமும் அங்கன போயி உக்காந்தீக?”

“அந்தச் சொல்ல அடிப்பேன். தொறக்கும். அணைச்சுட்டு வந்துருவேன்.”

“அதான், எதுக்கு?”

“சும்மாதாந்தா. எம்மக பூட்டுன பூட்டு, நாந்தான சாவி.”

பணிநிறைவு விழாவில் போட்ட மாலை வாடுமுன்பே வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் போய் இந்தத் தையோடு ஒரு வருஷம் ஆகிறது. துக்கத்துக்கு வந்த அந்த மூன்று அக்காக்களும் என்னைவிட அதிகமாக அழுதார்கள். பங்கு கொடுக்காமல் இருந்திருந்தால் நான் தனியாக அழுதிருப்பேன்.

அந்த வாரம் முழுக்க அப்பா என்ன முகத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. கதவிடுக்கு வழியே எனக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டும்தான்.