முதுகுப் படங்கள்

கட்டிச் சொன்ன கதை இல்லை இது. நடந்தது. கமுதியில் ஒரு வீட்டுச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் தொங்குகிறது. அது இல்லையென்றால் இதைச் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இருந்திருக்காது.

கூத்தையா மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். முதுகுளத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். 1986இல் பாம்பனில் வேலை பார்த்தார். மனைவி செவ்வந்தி, மூன்று வயது மகள் பூமயில். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கேமரா. துபாயிலிருந்து கீழக்கரைக்குத் திரும்பிய ஒருவரிடம் பழைய ஜப்பான் கேமரா ஒன்றை வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உத்தரகோசமங்கைக்கோ தனுஷ்கோடிக்கோ கிளம்பிவிடுவார். உச்சி வெயிலில் எடுத்தால் கண் இருக்கும் இடம் குழியாகிவிடும், மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்க வேண்டும், உப்புக்காற்று பட்ட லென்ஸை அன்றைக்கே துடைத்தாக வேண்டும் என்பதையெல்லாம் பிலிமை வீணாக்கித்தான் கற்றுக்கொண்டார். படம் கழுவுவதும் வீட்டுக் குளியலறையில்தான்.

ஒன்று மட்டும் அவருக்கு வரவில்லை: முகம் எடுப்பது. கூச்சம். யாருடைய முகத்துக்கு நேராகவும் கேமராவைத் தூக்க மாட்டார். கோயிலுக்குள் நுழையும் கூட்டம், மணலில் தண்ணீர்க் குடத்தோடு நடக்கும் பெண், வலை சுமந்து போகும் ஆள்... எல்லாமே பின்னாலிருந்து எடுத்தவை.

மதுரையில் ஒரு போட்டிக்குப் படங்களைக் கொண்டுபோனார். அங்கிருந்த பெரியவர் அவற்றை மேஜையில் சீட்டுபோலப் பரப்பிப் பார்த்தார்.

"தம்பி, ஒங்க படத்துல இருக்க எல்லாரும் ஒங்கள விட்டுப் போய்க்கிட்டே இருக்காங்களே. கூப்பிட்டுத் திருப்புங்க. முகம் இல்லாம என்ன படம்?"

அலுவலகத்தில் கூட வேலை பார்த்த மூக்கையா அதற்கும் மேல் போனார். "ஏலே கூத்தையா, பில்லு கட்டாதவன் மீட்டர்காரனப் பாத்து முதுகக் காட்டுவான், சரி. ஒன் கேமரா என்னலே பாவம் பண்ணுச்சு?"

அடுத்த முறை முகத்தோடு ஒரு படம் எடுத்தே தீர்வது என்று கூத்தையா முடிவு செய்தார்.

1986 மார்ச் 18, செவ்வாய்க்கிழமை. மாலை 5.10. வேலை முடிந்த கையோடு பாம்பன் தெற்குவாடிக் கரைக்குப் போனார். பழக்கமான வேதநாயகம் தன் வள்ளத்தில் இன்னும் இரண்டு பேரோடு கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வேதநாயகத்தின் மனைவி லூர்து மேரி கரையில் நின்றாள். மேற்கே சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்தது. முகம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. ரோலில் மூன்று படம் மிச்சம் இருந்தது.

வேதநாயகம் வள்ளத்தின் முன்னால் நின்று கம்பு ஊன்றினார். மற்ற இருவரும் நடுவில் பாய் கட்டினார்கள். பின்பக்கம் வலைக் குவியல். மூன்று முதுகுகளும் கரையைப் பார்த்திருந்தன.

கூத்தையா முழங்கால் தண்ணீரில் இறங்கினார். கேமராவைக் கண்ணில் வைத்தார்.

"வேதநாயகம்ண்ணே... இங்கன பாருங்க!"

ஒருவரும் திரும்பவில்லை.

காதில் விழாமல் இருக்க வழியில்லை. முப்பது அடி தூரம்தான். கம்பு ஊன்றிய கை ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஊன்றியது.

"இங்கன பாருங்க!"

ஒருவன் திரும்பினான். வலைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தான். சட்டையில்லாத இளம் ஆள். மெதுவாக, இடுப்பு அசையாமல் திரும்பி, நேராகக் கேமராவைப் பார்த்தான்.

அமுக்கினார். பிலிமைச் சுற்றி இன்னொன்றும் அமுக்கினார்.

பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. லூர்து மேரி.

"என்ன வேல பாத்தீக சார்! கடலுக்குப் போறவுகள முதுகுக்குப் பின்னால நின்னு கூப்புடலாமா?"

"படத்துக்குத்தானம்மா. அந்தத் தம்பி மட்டுமாச்சும் திரும்புனாப்லயே."

"எந்தத் தம்பி?"

"வல மேல உக்காந்திருந்தாப்லல்ல, அவருதான்."

அவள் வள்ளத்தைப் பார்த்தாள். அது சிறிதாகிக்கொண்டிருந்தது.

"மூணு பேருதான் போறாக. மூணு பேருமே திரும்பல."

கூத்தையா தண்ணீரை விட்டு ஏறினார். மிச்சமிருந்த ஒரு படத்தை, ரோலை முடிக்கும் பழக்கத்தில், கரைப் பக்கம் திரும்பிப் பனைமரங்களைப் பார்த்து எடுத்தார். அங்கேயே புது ரோலைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இரவெல்லாம் தூக்கமில்லை. அந்த மூன்று பேருக்கும் ஏதாவது ஆனால் அது தன் வாயால் வந்தது என்ற நினைப்பு. விடிந்ததும் கரைக்கு ஓடினார். லூர்து மேரி ஜெபமாலையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கம் பார்க்கவேயில்லை.

7.20க்கு வள்ளம் வந்தது. மூன்று பேரும் நலம். நல்ல மீன்பாடு. வேதநாயகம் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"சார், எங்கள உட்டுட்டு யாரக் கூப்பிட்டீக? கரைய விட்டதுமே பின்பக்கம் கனம். ஆளு உக்காந்த மாதிரி அமுங்குது. நீங்க ரெண்டாந்தரம் சத்தங் குடுத்தீக பாருங்க, லேசாயிருச்சு. யாரோ எறங்குனாப்ல!"

கூத்தையாவும் சிரித்தார். 

அன்று மாலை ரோலைக் கழுவினார்.

முதல் படம். வள்ளத்தில் மூன்று முதுகுகள். வலைமேல் அவன். முகம் கேமராவைப் பார்த்து.

இரண்டாவது. வள்ளம் தள்ளிப் போயிருந்தது. வலைமேல் யாரும் இல்லை. வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவில், இடுப்பளவு தண்ணீரில் அவன் நின்றான். முகம் கேமராவைப் பார்த்து.

மூன்றாவது. பனைமரங்கள். படத்தின் வலது ஓரத்தில் மங்கலாக ஒரு தோள். மிகப் பக்கத்தில். நனைந்திருந்தது.

மறுநாள் வேதநாயகத்திடம் காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"எங்க ஊரு ஆளு இல்ல சார். இந்தக் கரையில எந்த ஊரு ஆளும் இல்ல."

லூர்து மேரி படங்களை வாங்கி, நெகட்டிவோடு சேர்த்து அடுப்பில் போட்டாள்.

"எங்க வீட்டு ஆளு வந்துட்டாக. நல்லா இருப்பீக சார். ஆனா நீங்க கூப்பிட்டீக, அவன் எறங்கி வந்துட்டான். இனி அவன் ஒங்களக் கூப்புடுவான். திரும்பிறாதீக. நீங்க திரும்பாத வரைக்கும் ஒண்ணுமில்ல."

கூத்தையா கேமராவை அப்படியே இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதில் புது ரோல் இருந்தது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. சாவியைச் செவ்வந்தியிடம் கொடுத்தார். அவள் அதைத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள்.

எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பகல் 12.15. பாம்பனிலேயே பிச்சையம்மாள் என்பவர் வீட்டு நடையில், முக்காலிமேல் ஏறி நின்று ரீடிங் குறித்துக்கொண்டிருந்தார். பின்னால் சத்தம்.

சளப்... சளப்...

தண்ணீரில் யாரோ நடக்கிற மாதிரி. வாசலில் வெயில் காய்ந்தது. தண்ணீர் எங்கே இருக்கிறது?

"இங்கன பாருங்க!"

வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற குரல். வார்த்தை அவருடையது. அவர் கரையில் இழுத்த அதே இழுப்பு.

கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. எதிரே மீட்டரின் கண்ணாடி. அதற்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் வாசல் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஒருவன் நின்றான்.

பிச்சையம்மாள் உள்ளேயிருந்து வந்தார். "என்ன சார், இப்பிடி வேர்க்குது?"

"ஆத்தா... எனக்குப் பின்னாடி யாரு நிக்கிறா?"

அவர் எட்டிப் பார்த்தார். "ஒருத்தரும் இல்லியே. தரதான் நனஞ்சு கெடக்கு. யாரு தண்ணி ஊத்துனா?"

கூத்தையா மாற்றல் வாங்கிக்கொண்டு கமுதிக்குப் போனார். கடலே கண்ணில் படாத ஊர். கண்மாய்கூட அந்த வருடங்களில் வறண்டு கிடந்தது.

சத்தம் அங்கேயும் வந்தது. மாதம் ஒரு தடவை. பிறகு வாரம் ஒரு தடவை. முதலில் தெருக்கோடியில் கேட்டது. பிறகு வாசலில்.

செவ்வந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னார். வீட்டில் ஒரு வழக்கம் உண்டானது. அவரை யாரும் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. பேச வேண்டுமென்றால் சுற்றி வந்து முகத்துக்கு நேரே நின்றுதான் பேச வேண்டும். பூமயிலுக்கு அது விளையாட்டு. அவரைச் சுற்றி ஓடி வந்து நிற்பாள்.

"அய்யா, முன்னாடி வந்துட்டேன்! இப்பச் சொல்லவா?"

அவர் முகம் அப்போது மலரும். வேறு எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த வழக்கம்தான் அவருக்குக் காவல். பின்னாலிருந்து யார் குரல் கேட்டாலும் அது வீட்டு ஆள் இல்லை என்று தெரிந்துவிடும்.

ஏனென்றால் குரல்கள் மாறத் தொடங்கியிருந்தன.

ஒரு நாள் மூக்கையாவின் குரல். "ஏலே, இங்கன பாரு."

மூக்கையா பாம்பனில் இருந்தார்.

ஒரு நாள் செவ்வந்தியின் குரல். "என்னங்க... இங்கன பாருங்க."

செவ்வந்தி அப்போது எதிரே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் வெளுத்ததைத்தான் கண்டாள். அவளுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை.

ஐந்து வருடம் அவர் திரும்பவில்லை.

1991 ஏப்ரல். பகல் 11.40. கண்மாய்க் கரை வழியாகப் பக்கத்து ஊருக்கு ரீடிங் எடுக்கப் போனார்.

எதிர்க்கரையில் ஆடு மேய்த்த ராக்கு என்ற பெண் பார்த்திருக்கிறாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் சட்டென்று நின்றார்.

கொஞ்ச நேரம் அசையவில்லை.

பிறகு திரும்பினார்.

விழுந்தார்.

மாரடைப்பு என்றார் டாக்டர். நாற்பது வயதுகூட ஆகாதவருக்கு.

கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவருடைய கால்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

பூமயில் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் முழுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடம் ஓடியது. தலைத் திவசம் வந்தது. மாலை போட்டு மாட்ட ஒரு படம் தேவைப்பட்டது. அப்போதுதான் தெரிந்தது, வீட்டில் கூத்தையாவின் படம் ஒன்றுகூட இல்லை. கேமரா பிடித்தவரை யார் எடுத்தார்கள்? கல்யாணப் படமும் பாம்பன் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது.

செவ்வந்தி சாவிக்கொத்தை எடுத்து இரும்புப் பெட்டியைத் திறந்தாள். பூமயிலை அழைத்துக்கொண்டு, பரமக்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்த, கூத்தையாவைத் தெரிந்த தங்கசாமியிடம் கேமராவோடு போனாள்.

"இதுக்குள்ள அவுக படம் ஏதாச்சும் இருக்குமாண்ணே?"

உள்ளே புது ரோல்தான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு ஆசை.

தங்கசாமி பார்த்தார். "முப்பத்தாறும் எடுத்து முடிஞ்சிருக்கும்மா. சாயந்தரம் வாங்க."

மாலையில் பிரதிகளை மேஜைமேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்.

"நம்ம சார்தானே? யாரும்மா எடுத்தது? எல்லாம் பின்னாடி நின்னே எடுத்திருக்காக."

முக்காலிமேல் நின்று ரீடிங் குறிக்கும் முதுகு. தெருக்கோடியிலிருந்து, சைக்கிள் மிதிக்கும் முதுகு. டீக்கடையில் குனிந்த முதுகு. வாசலிலிருந்து, சாப்பிட உட்கார்ந்த முதுகு. பூமயிலைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் முதுகு. அதில் பூமயிலின் சின்ன முதுகும் இருந்தது.

ஒவ்வொரு படத்திலும் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது.

முப்பத்தைந்தாவது படத்தில் கண்மாய்க் கரை. பிடரி மயிர்கூட எண்ணலாம்.

"கடைசி மட்டும் முகம் விழுந்திருக்கு. என்னமா விழுந்திருக்கு பாருங்க! இதப் பெரிசு பண்ணித் தாரேன்."

செவ்வந்தி அதைக் கையில் வாங்கினாள். கூத்தையா திரும்பியிருந்தார். பயந்த முகம் இல்லை. மலர்ந்து, பல் தெரியச் சிரித்திருந்தார்.

அவளுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். யார் கூப்பிட்டால் அந்தச் சிரிப்பு வரும் என்றும் தெரியும்.

அவள் பூமயிலை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். 

வேறு படம் இல்லாததால் அதைத்தான் பெரிதாக்கி மாட்டினார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதன்முன் நின்று, "உசுரோட நிக்கிற மாதிரி இருக்கே, யாரு எடுத்தாக?" என்று கேட்பார்கள்.

பூமயில் அவர்களைச் சுற்றி முன்னால் வந்து நிற்பாள். அதன் பிறகுதான் வாயைத் திறப்பாள்.

"தெரியாது."