கூலிக்கு ஓடிய கால்கள்

அந்த ஷூ தொழிற்சாலையில் அவளுக்கு வேலையே ஓடுவதுதான். எங்கும் போய்ச் சேராத ஓட்டம். சோதனை அறையில் இருக்கும் டிரெட்மில்லில் ஏறி, அன்றைக்குக் கொடுக்கிற ஷூவை மாட்டிக்கொண்டு, நிறுத்தச் சொல்லும் வரை ஓட வேண்டும். எல்லாரும் அவளை ஓட்டக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவாள்.

அதற்கு முன்னால் பசைப் பிரிவில் இருந்தாள். ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகமான சோலையும் ஒட்டுகிற இடம். நாள் முழுக்க நின்றபடி வேலை. பசை நெடி சாப்பாட்டு டப்பா வரைக்கும் ஏறியிருக்கும். ஒரு வருடம் தொழிலாளர்களுக்கு விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள்; தன்னைவிட எவ்வளவோ சின்னவர்களைப் பின்னால் விட்டுவிட்டு வந்தாள். சோதனை அறைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த என்ஜினியர் வந்து கேட்டார்.

"அக்கா, தினமும் இப்படி ஓட முடியுமா உங்களால?"

"நின்னு நின்னு வீங்குற காலு, ஓடி வீங்கட்டும் சார்."

அப்படித்தான் அவள் சோதனை அறைக்கு வந்தாள்.

அங்கே ஒரு தடுப்புக்குப் பின்னால் போய், கெண்டைக்காலிலும் தொடையிலும் இடுப்பின் பக்கவாட்டிலும் சின்னச் சின்ன சென்சார்களை ஒட்டிக்கொள்வாள். அவள் ஓட ஓட, எந்தத் தசை எப்போது எவ்வளவு இழுக்கிறது என்று திரையில் கோடுகள் துள்ளும். அந்தக் கோடுகள் அவளுக்குப் புரியாது. சாயங்காலம் எது வலிக்கும் என்பது மட்டும் தெரியும். தட்டையான மெல்லிய சோல் என்றால் கெண்டைக்கால் கல்லாகிவிடும். குதிகால் உயர்ந்த தடித்த சோல் என்றால் முழங்காலும் முன்தொடையும்.

"எந்த ஷூவும் வேலையை இல்லாம பண்ணிடாதுக்கா" என்பார் என்ஜினியர். "ஒரு தசைகிட்ட இருந்து பிடுங்கி இன்னொரு தசை தலையில கட்டிடும்."

"எங்க பழைய சூப்பர்வைசர் மாதிரி" என்பாள் அவள்.

வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்கான கணவனும், தையல் வேலை செய்யும் நாத்தனாரும் இருந்தார்கள். அவள் வாசலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். "நாளெல்லாம் ஓடுறீங்க, வாசல்ல இருந்து உள்ள வர மட்டும் ஏன் அண்ணி இவ்வளவு லேட்டு?" என்று நாத்தனார் கேட்பாள். செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது. களைப்பு என்பது உடம்புக்கு வந்து போகிற விருந்தாளியாக இல்லாமல், வீட்டோடு தங்கிவிட்ட உறவாக ஆகிவிட்டிருந்தது.

பிறகு அந்தப் புது ஷூ வந்தது. வயதானவர்களுக்கென்றே தயாரித்தது. மெத்தையை வெட்டி அடியில் வைத்தது போல உயரமான, மெதுமெதுவென்ற சோல். முன்பக்கம் படகு மூக்கு மாதிரி மேலே வளைந்திருந்தது. அதைச் சோதித்தவர்களில் மற்ற இருவரும் கல்லூரி ஓட்டப்பந்தயக் குழுவிலிருந்து வந்தவர்கள். வயதில் மூத்தவள் இவள் ஒருத்திதான்.

முதல் நாள் அவளுக்கு நம்பவே முடியவில்லை. பாதம் தானாக உருண்டு முன்னால் போனது. கெண்டைக்காலுக்கு வேலையே இல்லை. "இதைப் போட்டுக்கிட்டு ஊரைச் சுத்தி வரலாம் சார்" என்றாள். என்ஜினியர் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷமாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து இடது இடுப்பின் பக்கவாட்டில் ஒரு குடைச்சல் தொடங்கியது. முதலில் படி ஏறும்போது மட்டும். அப்புறம் அந்தப் பக்கம் படுக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் டிரெட்மில்லை நிறுத்தியதும் என்ஜினியர் கேட்பார், "எங்கயாவது வலி இருக்காக்கா?" அவள் வியர்வையைத் துடைத்தபடியே, "இல்ல சார், நல்லாத்தான் இருக்கு" என்பாள்.

ஒருநாள் காலையில், வேலைக்குக் கிளம்பும்போது அவள் கட்டிலில் உட்கார்ந்து பேண்ட் போடுவதைக் கணவன் கவனித்தான்.

"நின்னுக்கிட்டுத்தானே போடுவ எப்பவும்?"

"வயசாகுதில்ல."

"அங்க சொன்னியா?"

"சொன்னா திரும்பப் பசைக்கு அனுப்பிடுவாங்க."

அவன் தன் கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். அவனுக்கும் முழங்கால் தேய்ந்திருந்தது. அவனும் அதை ஆபீசில் வாய்திறந்து சொன்னதில்லை. அவளுக்குப் புத்தி சொல்ல அவனிடம் என்ன இருந்தது?

ஒருநாள் வேலை முடிந்ததும் என்ஜினியர் அவளை உட்காரச் சொன்னார். திரையில் இரண்டு வீடியோக்களை அருகருகே ஓடவிட்டார். இரண்டிலும் பின்பக்கம் மட்டுமே தெரிந்தது.

"ரெண்டாவதா ஓடுறது யாரு சார்? ஒரு பக்கமா சாயுறாங்களே."

"ரெண்டுமே நீங்கதான்க்கா. இது முதல் நாள். அது இன்னிக்கு."

அவள் தன்னைப் பின்னாலிருந்து பார்த்ததே இல்லை. இடது கால் பதியும் ஒவ்வொரு முறையும் வலது பக்க இடுப்பு தொப்பென்று கீழே இறங்கியது, ஒரு பக்க டயரில் காற்று போன வண்டி மாதிரி. பார்க்கச் சகிக்கவில்லை.

"சோல் இவ்வளவு மெத்துன்னு உசரமா இருந்தா, கால் பதியுறப்பல்லாம் கொஞ்சம் ஆடும். ஆடாம பிடிச்சு நிறுத்துறது இடுப்போட பக்கத் தசை. பசங்களுக்கு அது தாங்கிடுது. உங்களுக்குக் களைச்சுப் போச்சு. அப்படித்தான் நான் நினைக்கிறேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன்க்கா சொல்லல?"

"நல்லா இருக்குன்னு சொல்லத்தானே சார் சம்பளம் தர்றீங்க."

"இல்லக்கா. வலிச்சா வலிக்குதுன்னு சொல்றதுக்குத்தான்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் மேனேஜர் அறைக் கண்ணாடி வழியாக அவர் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தாள். வயதானவர்களுக்கு இந்த ஷூ ஒத்துக்கொள்கிறது என்று அவர் மேனேஜரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவள் வார்த்தையை நம்பித்தான் சொன்னார். இப்போது எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். இடுப்பு வலியைவிட அந்தக் குனிந்த தலை அவளை அதிகமாக வாட்டியது. மத்தியானம் அவரிடம் போய், "தப்பு என்னோடது சார்" என்றாள். அவர் டீயை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றார்.

டாக்டர் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி சிரிப்பாக இருந்தது: ஒருக்களித்துப் படுத்து, மேல் காலைக் கொஞ்சம் தூக்கி, மெல்ல இறக்க வேண்டும். அவ்வளவுதான். இத்தனை வருடம் ஓடியவளின் கால், தூக்கிய இடத்தில் வெடவெடவென்று நடுங்கியது.

"இது ஒரு பெரிய வேலையா அண்ணி?" என்று நாத்தனார் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக் காலைத் தூக்கினாள். அவளுடையதும் நடுங்கியது. "ஐயோ, தையல் மெஷின்ல உக்காந்தே என் இடுப்பு செத்துப்போச்சு போல." இருவரும் படுத்தபடியே சிரித்தார்கள். அதற்கப்புறம் தினமும் சேர்ந்தே செய்தார்கள். முணுமுணுப்பதற்குத் துணை இருந்தது.

பசைக்கு அனுப்பவில்லை. என்ஜினியர் பேசிப் பார்த்து, உட்கார்ந்து செய்கிற பேக்கிங் வேலை வாங்கிக் கொடுத்தார். அந்த ஷூ தாமதமாகத்தான் கடைக்குப் போனது, சோலின் உயரத்தைக் குறைத்து, அடியை அகலமாக்கி. அவளுடைய இடுப்பு வலியால்தான் மாற்றினார்களா, வேறு ஏதாவது காரணமா என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பெட்டிக்குள் காகிதம் வைத்து, ஜோடியைத் திருப்பி அடுக்கி, மூடினாள்.

இப்போதெல்லாம் சோதனை அறைக்கு வயதானவர்களையும் கூப்பிடுகிறார்கள். ஒருநாள், சென்சார் ஒட்டச் சொல்லிக்கொடுக்க அவளை வரச் சொன்னார்கள். டிரெட்மில்லில் நின்றிருந்தவர் வாசல் காவலாளி. அரைக்கால் டவுசரில் அவரை யாரும் பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார். எங்கே ஒட்டுவது என்று தன் காலிலேயே தொட்டுக் காட்டினாள். பெல்ட் நகர்ந்தது. அவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி ஓடத் தொடங்கினார்.

"எப்படிக்கா ஓடுறார்?" என்று என்ஜினியர் கேட்டார்.

"எனக்கென்ன சார் தெரியும். அவரையே கேளுங்க."

திரும்பிப் போய்ப் பெட்டிகளை அடுக்கியிருக்கலாம். ஆனால் அங்கிருந்த நாற்காலி வசதியாக இருந்தது. சங்கு ஊதும் வரை, காலை நீட்டிக்கொண்டு, இன்னொருவர் ஓடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.