பூண்டுக்காகக் காது கொடுத்த ஸ்டெல்லாக்கா

ஸ்டெல்லாக்கா போய்ட்டாங்க. இன்னிக்குக் காலைல... மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சு.

திண்டிவனத்துல ஒரே கார்மெண்ட்ஸ்ல பக்கத்து பக்கத்து தையல் மெஷின் நாங்க. உங்கள்ல நிறைய பேருக்கு அவங்க டெய்லர். எனக்கு பூண்டோட ஓனர்.

பூண்டு அவங்க வளர்த்த நாய். வெள்ளை வெளேர்னு இருக்கும், அதான் அந்தப் பேரு. குட்டியா இருந்தப்போ தீபாவளிக்கு தெருவே வெடிச்சுக்கினு இருக்கு, இது மட்டும் தூங்குச்சாம். அப்பதான் தெரிஞ்சுது, காது சுத்தமா கேக்காதுன்னு.

ஆனா ஓட்டம்... அப்படி ஒரு ஓட்டம்!

விழுப்புரம் பக்கம் நாய் ரேஸ் வெப்பாங்க. பைக் இன்ஜின் மாட்டின ஒரு மெஷின், கயிறு கட்டி ஒரு துணி முயலை இழுக்கும். இன்ஜின் மொதல்ல இருமும். அப்புறம் "கொய்ங்ங்..."னு ஏறும். ஏறினா முயல் கிளம்பிடுச்சு. கெளம்பற எடத்துல கதவு போட்ட பொட்டிக்குள்ள இருக்கற நாய்ங்க அந்த சத்தத்துக்கே துள்ளும். உடனே கதவு தொறப்பாங்க.

மொதல் ரேஸ்ல கதவு தொறந்ததும் மத்ததெல்லாம் பறந்துடுச்சு. பூண்டு மட்டும் திரும்பி உக்காந்துக்கினு பின்பலகை இடுக்கு வழியா அக்கா மூஞ்சியவே பாக்குது.

"செவிட்டு நாய்க்கு இன்னாத்துக்கும்மா ரேஸு?"னு ஒருத்தர் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

லோடு ஆட்டோல திரும்பி வந்தோம். கூட்டேரிப்பட்டு தாண்டினதும் அக்கா சொன்னாங்க... "அதுக்குக் கேக்காது, சரி. எனக்குக் கேக்குதில்லடி? நான் சொல்றேன் அதுக்கு."

அதுக்கப்புறம் ஞாயித்துக்கெழமைல சர்ச் முடிஞ்சதும் நேரா பிரம்மதேசம் ஏரி. ஒரு பழைய மரப் பொட்டி. நான் ஸ்கூட்டில துணி முயலைக் கட்டி இழுத்துக்கினு போவேன். அவங்க பொட்டியோட பின்பலகைல உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டிட்டு கதவைத் தூக்குவாங்க. அந்த அதிர்வுதான் பூண்டுக்கு சத்தம்.

"பின்னால பாக்காத, வேகமா போடி!"னு கத்துவாங்க. எத்தினி தடவ மண்ல விழுந்திருப்பேன்...

அடுத்த ரேஸ். இன்ஜின் இருமுது. அக்கா கண்ணை மூடிக்கினாங்க. கை பலகை மேல. சத்தம் ஏறின அந்த நொடி... டப், டப்!

பூண்டு முன்னால திரும்பிடுச்சு. கதவு தொறந்துச்சு. அப்புறம் நான் பாத்ததெல்லாம் ஒரு வெள்ளைக் கோடுதான்.

ஃபர்ஸ்ட்டு! நான் கத்துன கத்துல ரெண்டு நாள் தொண்டை கட்டிக்கிச்சு.

மைக்ல, "செவிட்டு நாய் ஜெயிச்சிடுச்சு!"ன்றாங்க. அக்கா விடுவிடுன்னு மேடையேறி மைக்கை வாங்கினாங்க.

"அதுக்குப் பேரு இருக்குதுங்க. பூண்டு."

அவ்ளோதான். எறங்கிட்டாங்க. மொதல்ல சிரிச்சவரே கை தட்டினாரு.

அதுக்கடுத்த ரேஸ்ல பூண்டு கடைசி. வழில ஒரு ஆட்டைப் பாத்து நின்னுடுச்சு. அன்னிக்கும் கார்மெண்ட்ஸ்ல எங்க தையல் லைன் மொத்தத்துக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தாங்க மகராசி.

நாளைக்குக் காலைல அடக்கம்.

பூண்டையும் கூட்டிக்கினு வர்றேன்க்கா.