கடல் இல்லாத ஊர்

எனக்கு வயது எழுபத்திரண்டு. மீன் விற்றே ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்றாமவனைக் கடல் எடுத்துக்கொண்டது.

தேவனாம்பட்டினத்தில் எங்கள் தெருவுக்கு பைபிளோடு ஒரு வேதக்காரர் வருவார். ஒல்லியான ஆள், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. யார் பேசினாலும், முடிக்கும்வரை குடையை மடக்கி மார்போடு பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தப் பணிவுதான் எனக்குச் சந்தேகம். வீடு தேடி வருகிறவர் சும்மாவா வருவார்?

ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிரில் ஒரு படத்தை விரித்தார். முதலில் தோட்டம், கடைசியில் பளபளவென்று ஒரு நகரம். மனுஷருக்காக ஆதியிலேயே கடவுள் போட்ட திட்டமாம்.

"கடைசியில கண்ணீர் இல்ல, சாவு இல்ல. கடலே இருக்காதும்மா" என்றார். என் மகன் கதை தெரிந்து, ஆறுதலாகத்தான் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. "கடலு இல்லாம எங்க ஜனம் எங்கய்யா போவும்? உங்க சாமி கருவாட்டுக்கு என்னா பண்ணுவாரு?"

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"சரி, என் புள்ள அந்த ஊர்ல இருப்பானா? அவன் எங்க அம்மனக் கும்புட்டவன்."

ஆமாம் என்றிருந்தால் அந்தப் படத்தை வாங்கி மாட்டியிருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

"தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்" என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

ஆள் பிடிக்க வந்தவர் ஏன் அப்படிச் சொன்னார்? இன்னும் புரியவில்லை.

கண் மங்கிவிட்டது, படிக்கப் பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். பாப்பா, நான் எழுதுனதப் படிச்சுக் காட்டு. அந்தாள நல்லவருன்னு எங்கயாச்சும் எழுதியிருந்தா நிறுத்து, அந்த வரிய அடிச்சிடறேன்.