‘சூ’ என்றால் வருகிற பூனை

தெருவில் அவளை எல்லோரும் டைலரக்கா என்பார்கள். கத்தரியை எடுத்தால் துணி வழிவிடும். வாயைத் திறந்தால் ஆட்கள் வழிவிடுவார்கள். அவளுக்குக் கண்ணில் காட்டக் கூடாத ஒரே ஜீவன், சுவரேறி வந்து, வெட்டுவதற்கு விரித்த துணியில் சொகுசாகப் படுத்துக்கொள்ளும் பழுப்புப் பூனைதான். வலது கையால் ஸ்கேலை ஓங்கி ‘சூ’ என்பாள். ஊசியில் நூல் கோப்பதற்குள் அது திரும்பி வந்துவிடும். நாளடைவில் ‘சூ’ என்பதுதான் தன் பெயர் என்று அது முடிவு கட்டிவிட்டது. தெருவில் யார் சூ என்றாலும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். விரட்டுகிற சொல்லையே பெயராக வைத்துக்கொண்ட பிறவியை என்னதான் செய்வது?

ஒருநாள் பக்கவாதம் வந்து அந்த வலது கை துவண்டுபோனது. விடாமல் பயிற்சி செய்தால் கை தேறும் என்று டாக்டர் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அவள் அதைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டாள். கத்தரி பிடிக்காத கை இருந்தென்ன, போயென்ன என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மகள் கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள்.

கை கொடுக்கிறேன் என்று வந்தவர்கள் பலர். தலையைக் கொடுத்தது பூனை ஒன்றுதான். ஓங்காமல் கிடந்த அந்தக் கையை அது அன்றைக்குத்தான் பார்த்தது. அதற்கடியில் தலையை நுழைத்து, சொறிந்துவிடச் சொல்லி முட்டியது. சூ என்றாள். ஆசையாகக் கூப்பிடுகிறாள் என்று இன்னும் ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஒரு விரல் அசைந்தது.

அப்புறம் தினமும் அதே கூத்துதான். அதன் உடம்புச் சூடும் ‘கர்ர்’ சத்தமும் சேர்ந்து, படபடப்பு அடங்கி அவளுக்குத் தூக்கம் வந்தது. பயிற்சி தர வந்த பெண், பூனைக்கு முடி சீவுவதையும் பயிற்சியில் சேர்த்தாள். பந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றாள். கட்டிலடிப் பந்தைப் பூனையே தள்ளிக்கொண்டு வந்தது. அவள் பிடித்துத் திருப்பி உருட்டினாள்.

ஒருநாள் மகள் தலையணை உறைக்குத் துணியை விரித்தாள். பூனை அதன்மேல் குதித்தது. டைலரக்கா பதறி எழுந்து, அதை வாரித் தூக்கிக் கீழே விட்டாள்.

"அம்மா, இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? துணியெல்லாம் முடி ஒட்டாதா?"

"ரெண்டு கையாலயும் தூக்கினீங்கம்மா."

அவள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கில் பழுப்பு முடி. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்குள் கட்டைவிரலை நுழைத்தாள். கை நடுங்கியது, வெட்டும் கோணலாகத்தான் போனது. ஆனாலும் துணி வழிவிட்டது.

மேசைக்கடியில் குனிந்து, "சூ" என்றாள். கூப்பிடுவதற்காக அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பூனைக்கு என்ன வித்தியாசம் தெரியும்? எப்போதும் போல ஓடி வந்து துணியில் படுத்துக்கொண்டது.