ஒன்றேகால் மணி நேரம் முன்னுக்கு

எங்கள் வீட்டில் மூன்று மொழி பேசுகிறோம் என்று அப்பா வெளியாட்களிடம் பெருமையடிப்பார். உண்மையில் பேசுவது ஒரே மொழிதான். அதைத் தமிழ் என்று நாங்களும் கன்னடம் என்று பக்கத்து வீட்டாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தாத்தா ரயில்வே வேலைக்காக மைசூரில் வந்து இறங்கிய நாளிலிருந்து இதுதான் நிலைமை. இதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நானும் இருந்தேன், என் நிச்சயதார்த்தம் வரும்வரை.

பெண் ஈரோடு. இரண்டு முறை பார்த்துப் பேசியிருந்தோம். அவளை விட்டால் வேறு யாரையும் கட்டிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை, அவளுக்கும் அப்படித்தான். ஆனால் அவளுடைய அப்பாவுக்கு எங்கள் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. திருப்பூரிலிருந்து இன்னொரு வரன் வேறு வந்திருந்தது. அவர்களிடம் பனியன் கம்பெனி இருந்தது. என்னிடம் ஒரு பைக் இருந்தது. ஆனி முடிவதற்குள் நிச்சயம் நடந்துவிட வேண்டும். ஆடி பிறந்தால் ஒரு மாதம் சும்மா இருக்க வேண்டியதுதான், அந்த ஒரு மாதத்தில் மனிதர் திருப்பூர்ப் பக்கம் சாய்ந்துவிடுவார் என்று பயந்து செத்தேன். கடைசி முகூர்த்தமாகக் கிடைத்தது ஒரு திங்கட்கிழமை. ராகு காலம் கழிந்து ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை, எங்கள் வீட்டு வாசலில்.

அதே திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரைக்குத்தான் தென் அமெரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டம். அப்பா வாலிபத்தில் ரயில்வே மைதானத்தில் பந்து உதைத்தவர். அர்ஜென்டினாவுக்கும் அவருக்கும் என்ன உறவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் அம்மா வழிச் சொந்தங்களைவிட நெருக்கமானது.

"ஏழரைக்கு முடிஞ்சிரும். ஒம்பதுக்குக் குளிச்சிட்டுப் பட்டு வேட்டியோட நிப்பேன், நோடு, பாத்துக்கோ" என்றார்.

ஐந்தரைக்கு ஆட்டம் தொடங்கவில்லை. டிக்கெட் இல்லாத கூட்டம் மைதானத்து வாசலில் முட்டி மோதிக்கொண்டிருந்தது. அரை மணி தாமதம் என்றார்கள், பிறகு இன்னொரு அரை மணி, பிறகு இன்னும் கொஞ்சம். அப்பாவும் அவருடைய பழைய ஆட்டக்காரச் சிநேகிதர்கள் எட்டுப் பேரும் நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டையில் தரையில் உட்கார்ந்து காபியாகக் குடித்துத் தீர்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, முந்தின ராத்திரியே குடும்பத்தோடு மைசூர் வந்து தங்கியிருந்த பெண்ணின் அப்பா லாட்ஜிலிருந்து ஃபோன் செய்தார்.

"எல்லாம் தயாருங்களா சார்?"

அப்பாவின் கண் டிவியில் இருந்தது. "எங்க சார்! ஒண்ணேகால் மணி நேரம் முன்னுக்குப் போட்டுட்டாங்க. கூட்டம் கேட்டை ஒடச்சிக்கிட்டு உள்ள வந்துருச்சு. போலீஸ் வந்திருக்கு. அப்புறம் பேசறேன்."

வைத்தவர் ஃபோனை அணைத்தும் வைத்தார். முக்கியமான ஆட்டத்தின்போது ஃபோன் அடித்தால் ராசியில்லையாம்.

கன்னடத்தில் ஒன்றைத் தள்ளிப்போடுவதை 'முந்தக்கெ ஹாக்கோது' என்பார்கள். அதைத்தான் நாங்கள் 'முன்னுக்குப் போடுவது' என்று தமிழாக்கி வைத்திருக்கிறோம். பள்ளிப் பரீட்சையிலிருந்து பல் பிடுங்குவதுவரை எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் முன்னுக்குப் போட்டிருக்கிறோம். ஈரோட்டில் அதற்கு நேர் எதிர் அர்த்தம் என்று ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அந்தப் பக்கம் லாட்ஜில் நடந்ததை அவள் பிறகு சொன்னாள். ஒன்பதேகாலில் ஒன்றேகாலைக் கழித்தால் எட்டு. திங்கட்கிழமை எட்டு மணி நட்ட நடு ராகு காலம். "ராகு காலத்துல நிச்சயம் பண்ற சனங்களா இவங்க?" என்று அத்தை ஒருத்தி ஆரம்பிக்க, "கேட்டை ஒடைக்கறாங்களாம், அதைக் கேளு முதல்ல" என்று மாமா ஒருவர் தொடர, ஈரத் தலையோடு அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவளுடைய அப்பா எங்களுக்குப் பத்துத் தடவை அடித்துப் பார்த்துவிட்டு முடிவாகச் சொன்னாராம்: "நேர்ல போய்ப் பாத்துருவோம். சரியில்லீன்னா வண்டியைத் திருப்பித் திம்பம் மலை எறங்கி ஊருக்குப் போயிரலாம்."

வேன் எட்டரைக்கு எங்கள் வாசலில் வந்து நின்றது. சாமியானாக் கம்பம் நட இடைஞ்சலாக இருந்ததால் இரும்புக் கேட்டை முந்தின நாளே கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தோம். ஹாலில் முதல் வரிசையில் பக்கத்து வீட்டுக் கான்ஸ்டபிள் டியூட்டிக்குப் போகும் வழியில் முழு யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தார். ஆக, ஃபோனில் அப்பா சொன்ன கேட், கூட்டம், போலீஸ் எல்லாம் அப்படியே கண்ணெதிரே இருந்தன. போதாததற்கு அந்த நிமிடம்தான் அர்ஜென்டினாவின் கேப்டன் காலில் அடிபட்டு அழுதுகொண்டே வெளியேறினார். அப்பாவும் சிநேகிதர்களும் அவரோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். லுங்கியும் வாயில் பிரஷ்ஷுமாக நின்ற என்னிடம் மெல்லக் கேட்டார்: "யாருங்க தம்பி தவறீட்டாங்க?"

அப்பா திரும்பாமலே பதில் சொன்னார். "கணுக்கால் போச்சு சார்!"

நான் நுரையைத் துப்பிவிட்டு விளக்க முயன்றேன். முன்னுக்குப் போட்டது ஆட்டத்தை, நிச்சயத்தை அல்ல. அதுவும் முன்னால் அல்ல, பின்னால்.

"முன்னுக்குன்னா முன்னாடி. தள்ளிப் போட்டாத்தான் பின்னாடி. இதுகூடத் தெரியாம என்னங்க தம்பி தமிழ் பேசறீங்க?"

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரோட்டுல போறப்ப எங்க சார் போறீங்க, முன்னாலதானே? இனிமே வர்ற நேரமும் முன்னாலதானே இருக்கு?"

"போன வாரத்தை ஒரு வாரம் முன்னாடிங்கறோம். அதுவும் இனிமேதான் வருமுங்களா?"

அப்பா கான்ஸ்டபிளைத் துணைக்குக் கூப்பிட்டார். கான்ஸ்டபிள் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். "முந்தக்கெ அந்த்ரெ லேட்டு, சார். அஷ்டே, அவ்ளோதான்."

போலீஸ்காரரே சொன்னதால் வேன் திரும்பவில்லை. ஆனால் பெண்ணின் அப்பா உள்ளே வரவுமில்லை. ஒன்பதேகால்வரை பார்ப்பதாகச் சொல்லி வேன் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். கட்டியிருந்த கைகளைப் பார்த்தாலே திருப்பூர் ஜெயித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஜன்னலோரம் அவள் தலை குனிந்திருந்தாள்.

ஆட்டமோ தொண்ணூறு நிமிடமும் கோல் விழாமல் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. சரியாக ஒன்பதேகாலுக்கு ஐயர் கூப்பிட்டார். அப்பா டிவியை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். எழுந்து, கோடு போட்ட சட்டை மேலேயே பட்டு அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு பந்தலில் போய் உட்கார்ந்தார். அம்மா ஹால் கதவைச் சாத்தினாள். அதைப் பார்த்த பிறகுதான் பெண்ணின் அப்பா வேன் படியை விட்டு எழுந்து, அவளையும் அழைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

நிச்சயப் பத்திரிகை வாசித்து முடித்து, தட்டு மாற்றும் கட்டம் வந்தது. அப்பா தாம்பாளத்தை நீட்டினார், பெண்ணின் அப்பா இரண்டு கையாலும் பிடித்தார். இவர் இன்னும் விடவில்லை, அவர் இன்னும் முழுதாக வாங்கவில்லை. அப்போது உள்ளே கான்ஸ்டபிள் அலறினார்.

"கோல்!"

அப்பா எழுந்து ஓடினார். தாம்பாளத்தோடுதான். பெண்ணின் அப்பா கையை விட்டால் தேங்காய் கீழே விழும், விழுந்தால் அபசகுனம். அதனால் அவரும் கூடவே ஓடினார். கதவை இடித்துத் திறந்துகொண்டு இரண்டு பேரும் உள்ளே போக, மந்திரத்தை நிறுத்த மனமில்லாத ஐயர் சொல்லிக்கொண்டே பின்னால் போனார். நானும் ஓடினேன். பந்தலில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது கேட்டது.

டிவியில் அர்ஜென்டினாவின் கோலைத் திரும்பக் காட்டினார்கள். தட்டை மறந்து அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். தாம்பாளம் முழுதாகப் பெண்ணின் அப்பா கைக்குப் போயிருந்தது. ஐயர் அட்சதையைத் தூவினார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் அந்த மனிதரின் முகத்தையே பார்த்தேன். காலையிலிருந்து என் அப்பாவை சார் என்று மட்டுமே கூப்பிட்டவர் அவர். தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்தபடி கழுத்தை ஒரு பக்கமாக நீட்டி டிவியை எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் நகருங்க சம்பந்தி, மறைக்குது."