தாலியும் மோதிரமும் ஓர் எகிப்தியப் பிணமும்

மேற்கு பேர்லினில் ஓர் அருங்காட்சியகம். கண்ணாடிக்குள் கிடக்கும் பிணத்தின் முன் நிற்கிறேன். சுற்றியிருக்கும் துணி எகிப்திய வழக்கம். முகத்தின் மேல் பொருத்திய பலகையில் ரோமானியக் கொண்டையோடு ஒரு பெண்ணின் ஓவியம். அவள் பெயரோ கிரேக்கம். நான் வேலை பார்த்த அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் இந்த மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம்.

பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்துப் பெண் குளிருக்கு ஒதுங்கியவள். சற்று நேரத்தில் அவளுக்கு அகதி விசாரணை. முன்பே வந்துவிட்ட கணவன் வேறு ஊர் முகாமில் இருக்கிறான். மனைவி என்று நம்பினால்தான் அவளை அங்கே அனுப்புவார்கள். நான் ஓய்வுபெற்ற கச்சேரி உத்தியோகத்தன் என்று அறிந்ததும் பிடித்துக்கொள்கிறாள்.

“நான் வேதம், கிறிஸ்தவம்; அவர் சைவம், ஐயா. கோயிலில தாலி கட்டி, சேர்ச்சில மோதிரமும் மாத்தினனாங்கள். பத்திரமெல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு. அவர் எந்தக் கலியாணத்தைச் சொன்னாரோ தெரியாது. நான் மற்றதைச் சொன்னால் கள்ளம் எண்டு எழுதிப்போடுவினம்.”

“ரெண்டையும் சொல்லுங்கோ, பிள்ளை.”

“ரெண்டு சொன்னால் ரெண்டும் பொய் எண்டுவினம்.” கண்ணாடியைப் பார்க்கிறாள். “இவவுக்கென்ன, ஒருத்தரும் விசாரிக்கேல்லை.”

தாலியை ஸ்வெட்டருக்கு வெளியே எடுத்துவிடுகிறாள். விரலில் கிடக்கும் மோதிரத்தையும் துடைக்கிறாள்.

“நீங்களெண்டால் நம்புவியளோ?”

“ஓம்.”

அத்தாட்சி பார்க்காமல் நான் சொன்ன முதல் ‘ஓம்’ இதுதான். அவள் தலையாட்டிவிட்டு வெளியே போகிறாள். அவளை விசாரிக்கும் மேசையில் என்னைப் போல் ஒருவன் உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறேன்.